முக்குளிக்கும் கடிகாரம்: குவார்ட்ஸா, ஆட்டோமேட்டிக்கா?

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுதான். விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு காரே வாங்கிவிடலாம். மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிசகாது என்பது அதன் பெருமை. இன்றோ சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி வாட்சே மாதத்துக்கு 15, 20 விநாடிக்குள் அடங்கிவிடுகிறது.

கையசைவில் தானாகவே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கின் கதை வேறு. செய்கோவின் மலிவான டைவ் வாட்சுகள் பலவற்றில் இருக்கும் 4ஆர்36 எந்திரம் 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மாதத்துக்கு அல்ல, நாளொன்றுக்கு! துல்லியமும் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்பவருக்குக் குவார்ட்ஸ்தான், இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், கடலுக்கடியில் இந்தத் துல்லியத்துக்கு வேலையே இல்லை. நாளுக்கு 45 விநாடி ஓடிப்போகும் கடிகாரம், 45 நிமிட முக்குளிப்பில் ஒன்றரை விநாடிகூடப் பிசகாது. அங்கே தேவை மணி அல்ல, கழிந்த நிமிடங்கள். அதைக் காட்டுவது முகப்பைச் சுற்றியுள்ள சுழல் வளையம். இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் போதும். அந்த வளையம் இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். பாறையில் இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைக்காது. காற்று தீரும் முன்பே ஆள் மேலே வந்துவிடுவார். மலிவு வாட்ச் பார்க்கப் போனால் முதலில் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் சுற்றினால் அது அலங்காரம்.

அடுத்து, முகப்பில் 'டைவர்ஸ் 200 மீ' என்று இருக்கிறதா, வெறும் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று இருக்கிறதா? முதலாவது, ஐ.எஸ்.ஓ. 6425 தரத்துக்கு உட்பட்டது. குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்திருப்பார்கள். கும்மிருட்டிலும் முள் தெரிய வேண்டும், கடிகாரம் ஓடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். குவார்ட்ஸ் என்றால் பேட்டரி தீரப்போவதை முன்கூட்டியே காட்டவும் வேண்டும். பில் கேட்ஸ் கையில் பார்த்து எல்லோரும் தேடிய காசியோ ட்யூரோ இரண்டாவது ரகம். நீச்சலுக்கும் கடல் குளியலுக்கும் அது தாராளம். தொழிலாக முக்குளிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

செய்கோ எஸ்.கே.எக்ஸ்.007 என்ற ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் மீது ஒரு கூட்டத்துக்கு இன்னும் தீராத மோகம். சாவி கொடுக்க முடியாது, விநாடி முள்ளை நிறுத்தி மணி வைக்கவும் முடியாது. ஆனாலும் காதல் காதல்தான். கையில் கட்டாமல் இரண்டு நாள் அலமாரியில் கிடந்தால் நின்றுபோகும். சில வருடங்களுக்கு ஒருமுறை எண்ணெய், சுத்தம் என்று சர்வீஸ் செலவும் உண்டு.

என் ஓட்டு, சிட்டிசன் ப்ரோமாஸ்டர் ஈகோ-டிரைவ் ரகத்துக்கு. வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் குவார்ட்ஸ். மாதத்துக்கு 15 விநாடிதான் பிசகும், ஐ.எஸ்.ஓ. தரமும் உண்டு. பேட்டரிக்காக இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் பெரிய லாபம். திறந்து மூடும்போது ரப்பர் வளையம் கெட்டு, உள்ளே தண்ணீர் புகலாம்.

சாதாரண பேட்டரி வாட்ச்தான் வாங்குவீர்கள் என்றால், பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அழுத்தச் சோதனை செய்யும் கருவி கடையில் இல்லையென்றால், வேறு கடை பாருங்கள்.