கரையானுக்குப் பிடிக்காத பச்சைக் கட்டை

மண்ணில் பல வருடம் நின்ற வேலிக்கம்பைப் பிடுங்கிப் பார்த்தால், அடிநுனி பெரும்பாலும் திடமாகவே இருக்கும். உளுத்துப்போயிருப்பது தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் பகுதிதான். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு. மேலே ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அந்த ஒரு சாணில்.

வைரம் பாய்ந்த தேக்கு இதைச் சமாளித்துவிடும். ஆனால் உலகம் முழுக்க வேலி போட அவ்வளவு தேக்குக்கு எங்கே போவது? வேகமாக வளரும் பைன் மரங்களில் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியே அதிகம். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது விருந்து. ஒரு நல்ல விஷயம், மருந்தை நன்றாகக் குடிப்பதும் அதே வெள்ளைதான். வைரத்துக்குள் மருந்து லேசில் இறங்காது.

பூசினால் மட்டும் போதாது. வெயிலில் கட்டை வெடித்ததும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். அதனால் உலர்ந்த கட்டைகளை நீண்ட இரும்பு உருளைக்குள் அடுக்கி, கதவை இறுக மூடி, முதலில் மரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மருந்துக் கரைசலை விட்டு அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். இந்த முறைக்கு இங்கிலாந்தின் ஜான் பெத்தெல் 1838-ல் காப்புரிமை பெற்றார். அவர் ஏற்றியது நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெய். ரயில் தண்டவாளக் கட்டைகளுக்குச் சரி. நாற்றமும் பிசுக்கும் உள்ள அதை வீட்டுத் திண்ணையில் யார் வைப்பார்கள்?

அதற்கு விடை டேராடூனில் கிடைத்தது. அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசம் 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைக் கலந்து ஒரு மருந்து உருவாக்கினார். செம்பு பூஞ்சையைக் கொல்லும்; செம்புக்கு அசராத பூஞ்சையையும் கரையானையும் ஆர்சனிக் பார்த்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம் குரோமியத்தில் இருக்கிறது. அது மரத்தோடு வினைபுரிந்து, மற்ற இரண்டையும் மழையில் எளிதில் கரையாதபடி உள்ளேயே பிடித்துவைக்கிறது. கட்டைக்கு அந்த வெளிறிய பச்சை நிறம் வருவதும் இந்த உப்புகளால்தான்.

அமெரிக்க வீடுகளின் பின்கட்டு மரத்தளங்களும் குழந்தைகளின் ஊஞ்சல் சட்டங்களும் பல பத்தாண்டுகள் இந்தக் கட்டையில்தான் எழுந்தன. எளிதில் கரையாது என்றாலும் கொஞ்சம் கசியத்தான் செய்தது. கட்டையைத் தொட்ட பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்களே என்ற கவலை வலுக்க, 2003 முடிவோடு அங்கே வீட்டுப் பயன்பாட்டுக்கான உற்பத்தியைத் தயாரிப்பாளர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

பின்னர் வந்த மருந்துகளில் ஆர்சனிக் இல்லை, செம்பு அதிகம். அந்தச் செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும். நல்ல துத்தநாக முலாம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோதான் அடிக்க வேண்டும். அறுத்த முனையில் மருந்து ஏறாத உள்மரம் தெரிந்தால், அங்கே தனியாக மருந்து தடவ வேண்டும். பிரித்தெடுத்த பழைய பச்சைக் கட்டையை மட்டும் விறகாக்கக் கூடாது: எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையில் போகும், மீதி சாம்பலில் செறிந்து தங்கும்.