மறைந்த பண்ணையருகே ஒரு முத்திரைத் தேடல்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கருங்கற் குன்றுகளும் சேற்று நிலமுமாக விரிந்து கிடக்கும் டார்ட்மூர் மேட்டுநிலமே ‘லெட்டர்பாக்ஸிங்’ எனப்படும் தேடல் விளையாட்டின் பிறப்பிடமாகும். 1854இல் சாக்ஃபோர்டு ஊரின் வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட், எளிதில் எட்டவியலாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்து, அதுவரை நடந்து வந்தோர் தம் பெயரட்டையை அதில் இட்டுச்செல்ல வழிசெய்தார்; பின்னர், ஒருவர் விட்டுச்சென்ற அஞ்சலட்டையை அடுத்து வருபவர் எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்கும் வழக்கம் வளர்ந்தமையால் இப்பெயர் நிலைத்தது.

இன்று பாறையடியில் ஒளித்துவைக்கப்படும் நீர்புகாப் பெட்டியில் ஒரு ரப்பர் முத்திரையும் குறிப்பேடும் இருக்கும். தேடுபவர், திசைகாட்டியில் பார்க்கவேண்டிய கோணங்களைத் தரும் துப்பைக்கொண்டு அதைக் கண்டடைந்து, பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டிலும் தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதிக்கிறார்.

இத்தகைய தேடல் ஒருவரைக் கொண்டு சேர்க்கும் இடங்களுள் நெஞ்சைத் தொடுவன கைவிடப்பட்ட பண்ணைகளே. டார்ட்மூரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த டீன்ஹெட் பண்ணை, இரண்டாம் உலகப்போரின்போது இராணுவப் பயிற்சிக்காகக் காலிசெய்யப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. தாழ்ந்த சுவர்களும், அருகே டீன் ஆற்றின்மேல் பட்டைக்கற்களை அடுக்கிய பாலமும் மட்டுமே எஞ்சியுள்ளன. இடிபாடுகளுக்குள்ளும் தொல்சின்னங்களிலும் பெட்டி வைக்கலாகாது என்பது தேடுவோரின் நெறி. மிக நல்ல நெறி அது, ஏனெனில் பெட்டிக்காகப் பெயர்க்கப்படும் ஒரு கல், ஒரு குடும்பம் வாழ்ந்ததற்கான கடைசிச் சான்றாகவும் இருக்கக்கூடும்.