வாதமும் விதண்டையும்: கல்லூரி உதைபந்தாட்டம் பற்றிய சொல்லாடல்

இருவர் கூடி ஒரு பொருளைப் பற்றிச் சொல்லாடுமிடத்து அச்சொல்லாடலை நியாய நூலார் மூவகைப்படுத்துவர். உண்மை காண்டலையே பயனாகக் கொண்டு, இரு திறத்தாரும் தத்தம் கொள்கையை அளவைகளால் நிறுவ முயல்வது வாதம். உண்மை எப்பக்கத்ததாயினும் வெற்றி தம் பக்கத்ததாதல் வேண்டும் என்னும் வேட்கையால் நிகழ்வது ஜல்பம். தமக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறர் கொள்கையை அழித்தலையே தொழிலாக உடையது விதண்டை. கௌதமரின் நியாய சூத்திரம் வகுத்த இப்பாகுபாடு சமய வாதிகளுக்கே உரியது என்று எண்ணுதல் பொருந்தாது. கல்லூரி அணிகள் உதைபந்தாடும் பருவத்தில் மைதானத்தின் ஓரத்தே சிறிது பொழுது நிற்பவர் இம்மூன்றனையும் ஒரே மாலையிற் கேட்டு மீளலாம்.

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்று பல்லேபொல. இத்தகைய சிற்றூர்களிற் பாடசாலை மைதானம் ஊரார் அனைவர்க்கும் பொது இடமாகும். நகரத்துப் பெருங் கல்லூரியின் அணியையும் நாட்டுப்புறத்துச் சிறு பாடசாலையின் அணியையும் ஒருங்கே அறிந்தவர் அங்கு உளர். பழைய மாணவர், பெற்றோர், கடைக்காரர், பேருந்துச் சாரதி ஆகிய யாவரும் நடுவர்களே. இவ்வாண்டு அணி சென்ற ஆண்டு அணியினும் சிறந்ததா, தோல்விக்குக் காரணம் யாது, முன்வரிசைக்கு யார் தகுதியுடையார் என்னும் வினாக்கள் சிங்களத்திலும் தமிழிலும் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணும் முறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றை எடுத்தோதி, அவையாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனக் கொள்ளும். பொருளின் உண்மையை அளத்தற்கு வகுக்கப்பட்ட இம் மூன்று கோல்களையும் கொண்டு ஓர் அணியின் பருவத்தையும் அளந்து பார்க்கலாம்.

காண்டல்

நேரிற் கண்டவன் நான் என்பதே மைதானத்திற் பெரிதும் கேட்கப்படும் சான்று. ஆயின் காண்டலிலும் ஐயமும் திரிவும் உள என்று அளவை நூல் எச்சரிக்கின்றது. தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பெனத் துணிவது திரிவு. உதைபந்தாட்டத்தில் இவ்விரண்டிற்கும் ஏற்ற எடுத்துக்காட்டு ஆட்ட விதிகளுட் பதினொராவதாகிய புறநிலை விதியாகும். பந்து உதைக்கப்படும் அக்கணத்தில், எதிரணியின் பாதியில் உள்ள வீரன் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய வீரனையும் கடந்து இலக்குக்கு அணித்தாய் நின்றானா என்பதே அங்கு வினா. அவ்வீரர்களுக்கு நேர்க்கோட்டில் நிற்பவனுக்கே இது தெளிவாகும். அக்கோட்டுக்குப் பத்து அடி முன்னோ பின்னோ நிற்பவனின் பார்வை சாய்ந்து விழுதலின், ஒரே வரிசையில் நிற்கும் இருவருள் ஒருவன் முந்தி நிற்பது போலத் தோன்றும். கண்டவன் பொய்யன் அல்லன். அவன் நின்ற இடமே அவனைப் பொய்க்கச் செய்தது. அன்றியும், 1990ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்ட பின்னர் ஒரே வரிசையில் நிற்றல் குற்றமாகாது. பழைய விதியோடு வளர்ந்த முதியவரும் புதிய விதியோடு வளர்ந்த இளைஞரும் ஒரே காட்சியைக் கண்டு இருவேறு தீர்ப்புக் கூறுதற்கு இஃதும் ஒரு காரணமாம்.

கண்டதை நினைவில் வைத்தலும் காண்டலைப் போன்றே குறையுடையது. பருவத்தின் இறுதிப் போட்டி முதற் போட்டிகளை மறைத்துவிடும். இறுதியில் அடித்த ஒரு கோல், முன்னர் தவறவிட்ட ஆறு வாய்ப்புகளை மறக்கச் செய்யும். நினைவை நம்பி நிற்றலின் இடர்ப்பாட்டை மாத்தளை நாடு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்தது. செவி வழியாகக் காக்கப்பட்டு வந்த பௌத்த பாளி நூல்கள், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே, மாத்தளை நகருக்கு அணித்தான அலுவிகாரையில் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டன என்பது இலங்கை மரபு. போர், பஞ்சம் ஆகியவற்றால் ஓதுவார் அழியின் ஓதப்படுவதும் அழியும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். பெரும் பொருளுக்கு ஏற்ற அவ்விதி சிறு பொருளுக்கும் ஏற்கும். எழுதி வைக்கப்படாத பருவம் உரத்த குரலுடையார் சொல்லும் பருவமாகவே எஞ்சும்.

கருதல்

கண்டவற்றைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். போட்டிகளின் முடிவுகளிலிருந்து அணியின் ஆற்றலைத் துணிவதும் அதுவே. இங்கு முதலில் நினைவிற் கொள்ளத்தக்கது, உதைபந்தாட்டத்தில் கோல்கள் அரியன என்பது. 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் 64 போட்டிகளில் அடிக்கப்பட்டவை 172 கோல்கள். அஃதாவது ஒரு போட்டிக்கு மூன்றினும் குறைவு. எண்ணிக்கை இவ்வாறு சிறியதாகும்போது தற்செயலுக்கு இடம் பெரிதாகின்றது. மேடு பள்ளத்திற் பட்டுத் திரும்பிய ஒரு பந்து முடிவை மாற்ற வல்லது. ஆதலின், ஒரு போட்டியிற் கிடைத்த வெற்றியைக் கொண்டு ஆற்றலைத் துணிதல் ஒரு துளி மழையைக் கொண்டு பருவத்தைத் துணிதல் போல்வதாம்.

பல போட்டிகளைக் கூட்டிப் பார்த்தாலும் கூட்டும் முறை முடிவை மாற்றும். ஓரணி பத்துப் போட்டிகளில் ஆறு வென்று நான்கு தோற்றது எனவும், மற்றோரணி நான்கு வென்று ஐந்தில் சமன் செய்து ஒன்றிற் தோற்றது எனவும் கொள்வோம். வெற்றிக்கு இரண்டும் சமனுக்கு ஒன்றுமாகப் புள்ளி வழங்கிய பழைய முறைப்படி முதலணிக்கு 12, இரண்டாவதற்கு 13. வெற்றிக்கு மூன்று புள்ளி வழங்கும் முறைப்படி முதலணிக்கு 18, இரண்டாவதற்கு 17. ஆடியது மாறவில்லை, முதலிடம் மாறிவிட்டது. இம் மூன்று புள்ளி முறை இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டிலும் உலகக் கிண்ணத்தில் 1994ஆம் ஆண்டிலும் புகுந்தது. தற்காப்பாக ஆடிச் சமன் செய்தலைக் குறைத்து, வெற்றியை நாடி ஆடுவோரை ஊக்குவித்தலே அதன் நோக்கம். எனவே, புள்ளிப் பட்டியல் இயற்கையான தராசு அன்று. எத்தகைய ஆட்டத்தை மதிக்க வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துச் செய்த தராசு. கோல் கணக்கிலும் இதுவே நிகழும். 30 அடித்து 15 வாங்கிய அணியையும் 12 அடித்து 5 வாங்கிய அணியையும் வகுத்துப் பார்ப்பின் பின்னையது சிறக்கும். கழித்துப் பார்ப்பின் முன்னையது சிறக்கும்.

எதிரணியின் வலிமையே அடுத்த வினா. மெலியாரை எட்டு முறை வென்றவன் சிறந்தவனா, வலியாரை ஆறு முறை வென்றவன் சிறந்தவனா? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா பெருவழக்காயிற்று. அந்நாட்டுத் தேசியக் கல்லூரிகள் விளையாட்டுச் சங்கத்தின் ஆடவர் உதைபந்தாட்டச் சம்பியன் போட்டி 1959ஆம் ஆண்டு தொடங்கியது. செயின்ற் லூயிஸ் பல்கலைக்கழகம் முதற் சம்பியனாயிற்று. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதுதல் இயலாமையின், இறுதிச் சுற்றுக்குரிய அணிகளுள் ஒரு பகுதியைக் குழுவொன்று தெரிவு செய்யும். அத்தெரிவுக்குத் துணையாக ஒரு சுட்டெண் வகுக்கப்பட்டது. அணியின் சொந்த வெற்றி வீதத்துக்கு நூற்றுக்கு 25 பங்கும், அது சந்தித்த எதிரணிகளின் வெற்றி வீதத்துக்கு 50 பங்கும், அவ்வெதிரணிகள் சந்தித்த அணிகளின் வெற்றி வீதத்துக்கு 25 பங்கும் கொடுத்துக் கூட்டுதல் அம்முறை. பத்தில் எட்டு வென்ற அணியின் எதிரணிகள் பத்துக்கு நான்கு வீதம் வென்றவை எனவும், ஆறு வென்ற அணியின் எதிரணிகள் பத்துக்கு ஆறு வீதம் வென்றவை எனவும் வைத்து, மூன்றாவது எண்ணை இரண்டிற்கும் ஐந்தெனக் கொண்டாற் கிடைப்பன முறையே 0.525, 0.575. ஆறு வென்ற அணியே முந்தும். ஆயினும் இவ்வெண்ணும் வாதத்தை முடித்துவிடவில்லை. தன் வெற்றியைவிடத் தன் எதிரியின் வெற்றி இருமடங்கு மதிக்கப்படுவதால், மிக மெலிந்த அணியை வென்ற பின்னரும் ஒருவன் சுட்டெண் குறையலாம். வென்றதனாற் தாழ்ந்தான் என்பது நியாயமோ எனக் கேட்பார்க்குச் சூத்திரத்தில் விடையில்லை.

கருதலிற் பெருந் தவறு விளைந்தமைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டும் உண்டு. ஆங்கிலேய விமானப் படையிற் கணக்காளராயிருந்த சார்ல்ஸ் ரீப் என்பார் 1950ஆம் ஆண்டு முதல் போட்டிகளின் ஒவ்வொரு நகர்வையும் குறியீடுகளால் எழுதி வைத்தார். அவரும் பெர்னாட் பெஞ்சமினும் 1968இல் வெளியிட்ட ஆய்வு, பத்து உதைக்கு ஏறத்தாழ ஒன்றே கோலாகின்றது என்பது போன்ற அரிய உண்மைகளைத் தந்தது. அவர் உழைப்பு போற்றத்தக்கது. ஆயின் பெரும்பாலான கோல்கள் மூன்றுக்கு மேற்படாத கைமாற்றங்களால் விளைகின்றன என்பதைக் கண்டு, நெட்டுதையே சிறந்த வழி எனத் துணிந்தார். ஆட்டத்தில் எழும் நகர்வுகளிற் பெரும்பாலானவை மூன்று கைமாற்றங்களைத் தாண்டுமுன்னரே முறிந்துவிடுகின்றன. ஆகவே கோல்களும் அவற்றிலிருந்தே மிகுதியாக வருதல் இயல்பு என்பதனைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். எத்தனை முயற்சிக்கு எத்தனை பயன் என்று கேளாமற் பயனை மட்டும் எண்ணியமையே தவறாயிற்று. இடப்பக்கத்து வீரனே நம் கோல்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணன் என மைதான ஓரத்தில் வாதிடுவோரும், பந்து எத்தனை முறை அவனிடம் சென்றது என்பதை எண்ணியிருத்தல் அரிது.

உரை

தக்கார் கூற்றே உரை. மத்தியஸ்தரின் தீர்ப்பு அதன் ஒரு வகை. அதனை ஏற்காவிடின் ஆட்டமே நிகழாது. ஏட்டுப் பதிவு மற்றொரு வகை. ஏடு இருந்தும் வாதம் தீராமையும் உண்டு. கொழும்பின் றோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் இடையே நிகழும் துடுப்பாட்டப் போட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு வருவது. 1885ஆம் ஆண்டில் றோயல் அணி ஒன்பது ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தது. மறுநாள் ஆட்டம் தொடரவில்லை. அதனைத் தோமையார் தரப்பார் வெற்றி எனவும் றோயல் தரப்பார் வெற்றி தோல்வியற்றது எனவும் எண்ணி வருகின்றனர். நிகழ்ந்தது எது என்பதில் இரு திறத்தார்க்கும் பிணக்கில்லை. அதற்கு இடும் பெயரிலேயே பிணக்கு. எது வெற்றி என்பதை முன்னரே வரையறுத்துக் கொள்ளாத வாதம் நூறாண்டு கடந்தும் முடியாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

சொல்லின் பொறுப்பு

இவ்வளவு நுணுக்கம் விளையாட்டுக்கு வேண்டுமோ என வினவலாம். வேண்டும். பேசப்படுவோர் இங்கு கூலி பெறும் ஆட்டக்காரர் அல்லர், பாடசாலைப் பிள்ளைகள். 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் முடிவுப் போட்டியில் உருகுவே 2–1 எனப் பிரேசிலை வென்றது. அன்று இலக்கைக் காத்த பார்போசா என்பார், 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை, அத்தோல்வியின் பழியைச் சுமந்தார். பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் பழி ஒருவர் மேல் ஐம்பது ஆண்டு நின்றது. முதிர்ந்த வீரரையே இவ்வாறு வாட்டும் சொல் பதினேழு வயதினனை என் செய்யும்? சிற்றூரில் அச்சொல் மைதானத்தோடு நில்லாது. அவன் ஏறும் பேருந்திலும் அவன் தாய் செல்லும் சந்தையிலும் உடன் வரும்.

பார்வையாளரின் குரல் ஆட்டத்துக்குப் புறம்பானதும் அன்று. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளரின்றி நடைபெற்ற ஐரோப்பியப் போட்டிகளை ஆராய்ந்தோர், சொந்த மைதானத்தில் ஆடுவோர்க்கு வழக்கமாக இருந்த நலம் குறைந்தமையையும், வந்த அணியினர் மீது மத்தியஸ்தர் நீட்டும் எச்சரிக்கை அட்டைகள் குறைந்தமையையும் கண்டனர். ஓரத்தில் நிற்போர் சொல்லும் சொல் உள்ளே ஆடுவோரையும் தீர்ப்போரையும் தொடுகின்றது.

கல்லூரி அணிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஆண்டுதோறும் மூத்தோர் நீங்க இளையோர் புகுவர். சென்ற ஆண்டின் பெயரே இவ்வாண்டும் நிற்பினும் அணி வேறு. பயிற்றுநரும் நல்ல மைதானமும் காலணியும் உடைய நகரத்துக் கல்லூரியும், இவற்றுட் பலவும் இல்லாத கிராமத்துப் பாடசாலையும் மோதுமிடத்து, தோல்வியின் அளவு மட்டுமே அணியின் அளவாகாது. பருவத்தின் தொடக்கத்தில் ஐந்து கோல்களால் தோற்ற அணி அதே எதிரணியிடம் முடிவில் ஒரு கோலால் தோற்குமாயின், பட்டியல் அதனை இரு தோல்வி என்று எழுதும்; வளர்ச்சி என்று எழுத வேண்டியவர் கண்டு நின்றவரே.

ஆதலின் வாதம் ஒழிய வேண்டுவதில்லை. ஜல்பமும் விதண்டையும் வாதமாகத் திருந்துதலே வேண்டுவது. அதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொரு போட்டிக்கும் நாள், இடம், எதிரணி, கோல்கள், இலக்கை நோக்கி உதைத்த உதைகள் ஆகியவற்றை ஒரு மாணவன் எழுதி வருவானாயின் காண்டலுக்குக் காவல் கிடைக்கும். எதனைச் சிறப்பெனக் கொள்வது என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பேசி வைப்பின் கருதலுக்கு வரம்பு கிடைக்கும். குறை கூறுவோர், அக்குறையுடைய பிள்ளையின் பெயரை விடுத்துக் குறையை மட்டும் கூறப் பழகின் உரைக்கு அறம் கிடைக்கும். பல்லேபொலவிலிருந்து அலுவிகாரை தொலைவில் இல்லை. எழுதி வைத்தலின் பெருமையை அவ்வழியே செல்லும் மாணவர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதும் இல்லை.