முதுகுக்குள் 23 நுங்கு

இன்று ராத்திரி தூங்கப் போகுமுன் சுவரை ஒட்டி நின்று, தலைக்கு நேராக ஒரு பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். காலையில் கண் விழித்ததும், பல் தேய்க்கக்கூடப் போகாமல், அங்கேயே மறுபடி நில்லுங்கள். புதுக் கோடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே விழும். (சுவரைக் கெடுத்ததற்கு அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை.) வளர்ந்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம். பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் அதில் பாதி போய்விடும்.

எங்கே போகிறது? நம் முதுகெலும்பு, முள்ளெலும்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்கு. அவற்றுக்கு நடுவே 23 மெத்தைகள் இருக்கின்றன. 'ஜவ்வு விலகிடுச்சு', 'டிஸ்க் தேஞ்சிடுச்சு' என்று பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வது இவற்றைத்தான். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் நிறைந்த வழுவழுப்பான கூழ். சுற்றிலும் நார்கள் அடுக்கடுக்காகப் பின்னிய கெட்டி வளையம். பகலெல்லாம் உடம்பின் பாரம் அழுத்த, நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கடைசி இரண்டு மெத்தைகளுக்குப் பாரம் அதிகம். பெரும்பாலும் கெடுவதும் அவைதான்.

வயது ஏற ஏற இந்த நுங்கு முற்றி, நீர் வற்றும். சிலருக்கு அது சீக்கிரமே நடக்கிறதே, ஏன்? மூட்டை தூக்குவதாலும், லாரியில் குலுங்கிக்கொண்டே போவதாலும்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். டாபியோ விடெமன், மிஷேல் பத்தியே முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிக்கப் பின்லாந்தில் ஒன்றுபோல இருக்கும் இரட்டையர்களைத் தேடிப் பிடித்தார்கள். நல்ல யோசனை! இருவருக்கும் மரபணு ஒன்றே. அண்ணன் ஒரு வேலை, தம்பி வேறு வேலை என்றால், அந்த வேலை முதுகை என்ன செய்தது என்று ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

45 ஜோடிகளில் ஒருவர் வண்டி ஓட்டியே பிழைத்தவர், மற்றவர் அப்படி இல்லை. 2002இல் வந்த முடிவு: இருவர் டிஸ்க்கிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! 1995இல் 115 ஜோடிகளைப் பார்த்தபோதும் அதே கதைதான். செய்த வேலையைவிட, பிறப்பிலேயே வந்த மரபுக்குத்தான் பெரிய பங்கு. (இதைக் காட்டி யாரும் தம்பியின் புத்தகப் பையையும் சேர்த்துத் தூக்க வேண்டாம். தசைகள் வேறு, டிஸ்க் வேறு.)

சிகரெட் மட்டும் தப்பவில்லை. ஒருவர் நிறையப் புகைத்து, மற்றவர் அநேகமாகத் தொடாமலே இருந்த 20 ஜோடிகளில், புகைத்தவரின் டிஸ்க் தேய்மானம் சராசரியாக 18 சதவீதம் கூடுதல். நுரையீரலுக்குப் போகும் புகைக்கு இடுப்பில் என்ன வேலை? டிஸ்க்கின் உட்பகுதியில் ரத்தக் குழாயே கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளின் மெல்லிய குழாய்களிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. புகை அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் பட்டினி என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

டிஸ்க் தேய்ந்த எல்லோருக்கும் வலிக்கும் என்றும் இல்லை. தலை நரைப்பதுபோலச் சும்மா தேய்ந்து கிடப்பதும் உண்டு.

பாரமே இல்லாத விண்வெளிக்குப் போனால்? முதுகெலும்பு நீளும். சில விண்வெளி வீரர்கள் 5 சென்டிமீட்டர் வரை உயர்ந்திருக்கிறார்கள். முதல் சில நாட்கள் பலருக்கு முதுகு வலியும் வரும். விண்கலத்தின் இருக்கையை வடிவமைக்கும்போதே இந்த உயரத்துக்கும் சேர்த்து இடம் விட்டுவிடுகிறார்கள்.