பீரோவைத் திறந்தால்தான் வாசிப்பு

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் 'வாசிப்பு இயக்க'த்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாடநூலைத் தாண்டி, கதைப் புத்தகங்களைத் தாங்களாகவே எடுத்துப் படிக்க வேண்டும் என்பது நோக்கம். உப்பளமும் மீன்பிடியும் பிழைப்பாக உள்ள வாலிநோக்கம் போன்ற கடலோர ஊர்களுக்கு இது கூடுதலாகவே தேவை. இங்கே பல வீடுகளில் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இருக்காது.

புத்தகங்கள் எப்படிப்பட்டவை?

நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகள். 'நுழை'யில் படம் பெரிது, வரி சிறிது. 'பற'வில் கதை நீளும். வகுப்பைப் பார்க்காமல் வாசிப்புத் திறனைப் பார்த்துக் கொடுப்பதே முறை. ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் தொடங்கினாலும் குறைவில்லை.

ஏன் இவ்வளவு எளிமை?

நூறு சொற்களில் தெரியாதவை இரண்டுக்கு மேல் போனாலே துணையின்றிப் படிப்பது சிரமம் என்கின்றன மொழி ஆய்வுகள். தெரிந்த சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை சரளமாகப் படிக்கும். கடினமான பத்தியை அலசுவது பாடவேளையின் வேலை. வாசிப்பு இயக்கத்தில் எவ்வளவு படிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

பலன் கிடைக்குமா?

1980இல் பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தலா 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தனர். வழக்கமான பாடம் மட்டும் படித்தவர்களைவிட இப்பிள்ளைகளின் வாசிப்பு ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறியது. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையிலும் 1990களில் எல்லி இதே முறையைச் சோதித்தார்.

தடை எங்கே?

பூட்டிய பீரோவில். புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் குறையும். தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பல பள்ளிகளில் புத்தகங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் இருப்பது பயன்பாட்டுக்கு என்பதுதான். கிழிசலும் இழப்பும் வாசிப்பின் செலவு என்று அதிகாரிகள் ஏற்க வேண்டும்.

இன்னொரு தடை, படித்து முடித்ததும் வைக்கும் தேர்வு. 'கதையின் நீதி என்ன?' என்று கேட்டால் பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடாது. நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, பிடிக்காததைப் பாதியில் வைக்க விட்டு, ஆசிரியரும் கூட உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்தால் போதும். இதற்குத் தனி நிதி வேண்டாம். கால அட்டவணையில் ஓர் இடம் வேண்டும்.