நாய்க்குச் சோறு ஆகாதா?

சென்ற மாதம் சுத்துக்கேணிக்குப் போயிருந்தேன். புதுச்சேரிக்கு மேற்கே, வயலும் வாய்க்காலுமான கிராமம் அது. அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு நாட்டு நாய். வடித்த சோறும் ஒரு துண்டு மீனும்தான் அதற்குச் சாப்பாடு. என்னுடன் வந்திருந்த அத்தை மகள் சென்னைவாசி. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, நாய்க்குப் போய்ச் சோறு? எங்கள் நாய்க்குத் தானியமே கலக்காத தீனிதான். ஒரு பை என்ன விலை தெரியுமா?"

விலையைக் கேட்டதும் அத்தை சொன்னாள்: "எனக்கே நெஞ்சை அடைக்குதுடி. நாய்க்கு அடைக்காம இருந்தா சரி!"

அத்தை சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் விஷயம் வேடிக்கையல்ல, சகோதரிகளே!

இத்தகைய தீனி அமெரிக்காவில் வெகு பிரபலம். அதைத் தின்ற நாய்களுக்கு இருதய நோய் வருகிறதோ என்று ஆராயப் போவதாக, 2018 ஜூலையில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. இந்த நோயில் இருதயத் தசை தளர்ந்து, அறைகள் அகன்று, ரத்தத்தை உந்தித் தள்ளும் வலு குறைந்துவிடும். 2014 முதல் 2019 ஏப்ரல் வரை நிர்வாகத்துக்கு வந்த புகார்களில் 560 நாய்கள் இடம் பெற்றிருந்தன. அவற்றில் 119 இறந்துவிட்டன. புகாரில் கண்ட தீனிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தானியம் இல்லாதவை!

அரிசியையும் கோதுமையையும் எடுத்துவிட்டால் அந்த இடத்தை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டுமல்லவா? பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஏராளமாகச் சேர்ந்தன. சந்தேகம் இவற்றின் மீதுதான். டாரின் என்ற சத்துக் குறைந்தால் பூனையின் இருதயம் இப்படிக் கெடும் என்பது 1987-லேயே தெரிந்த செய்தி. ஆனால் நோயுற்ற நாய்கள் பலவற்றுக்கு டாரின் குறையவில்லை. ஆகவே காரணம் இன்னும் முடிவாகவில்லை. புகார்களை மட்டும் வைத்துத் தீனிதான் காரணம் என்று தீர்மானிக்க முடியாது என்று 2022-ல் அந்த நிர்வாகமே சொல்லிவிட்டது. எனினும், தீனியை மாற்றி, மருந்தும் கொடுத்தபின் சில நாய்கள் தேறியதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

"நாய் ஓநாயின் வம்சம், அதற்குத் தானியம் எதற்கு?" என்று கேட்கலாம். மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுச் சத்தை ஜீரணிக்கும் மரபணுவை ஓநாயைவிட நாய் அதிகமாகப் பெற்றிருக்கிறது. 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை இது.

அதற்காக வெறும் சோறு போதும் என்று எண்ணிவிடாதீர்கள். சோற்றில் மட்டும் எல்லாச் சத்தும் இல்லை. வெங்காயம் போட்ட குழம்போ நாய்க்கு விஷம்.

உங்கள் நாய் தானியமில்லாத் தீனி தின்கிறதா? அது அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். பல தடவை எண்ணியும் முப்பதுக்கு மேல் வந்தாலோ, இருமல், சோர்வு, மயக்கம் கண்டாலோ தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். தீனியையும் அவர் யோசனைப்படி, சிறிது சிறிதாகவே மாற்றுங்கள்.

அத்தை மகள் ஊர் திரும்பிய அன்றிரவே கடிகாரத்துடன் நாயின் அருகில் உட்கார்ந்தாளாம். இருபத்திரண்டு! மனம் ஆறாமல் மறுநாள் வைத்தியரிடமும் காட்டினாள். இருதயம் நன்றாக இருக்கிறதாம். இப்போது அதன் தட்டில் தானியம் கலந்த தீனி. அத்தையிடம் மட்டும் இதைச் சொல்லக்கூடாதென்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு!