பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போது பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று கையில் கிடைக்கிறது. கூடவே இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிற கேசட் ஒன்று. உடனே டிவியில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆசையில்தான் நான் கடமலைக்குண்டில் எங்கள் வீட்டிலிருந்த பெட்டியை ஒரே நிமிடத்தில் கருக்கினேன். 1997ஆம் ஆண்டு முழு ஆண்டு லீவில் அண்ணன் தேனியிலிருந்து வாங்கி வந்த பெட்டி அது. அதை எப்படிக் கருக்கினேன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்று பழைய கன்சோல்களைத் தேடி வாங்கி விளையாடுபவர்கள் பலர். சிறு வயதில் வாங்க முடியாததை இப்போது வாங்குபவர்கள் பாதி. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று வாங்குபவர்கள் மீதி. இருவருமே எதை வாங்குவது என்று தெரியாமல் பணத்தை விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்து வாங்கினால் நம் ஊருக்குச் சரிப்படாது. அங்கே வீட்டுக்கு வீடு விற்ற கன்சோல்கள் பல இங்கே வரவே இல்லை. நம் ஊரில் என்ன விற்றது, எது கிடைக்கும், எதைப் பழுது பார்க்க முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் விளையாடியது எது?

தமிழ்நாட்டில் 90களில் "வீடியோ கேம்" என்று நாம் சொன்னது பெரும்பாலும் ஒரே மெஷினின் நகல்கள்தான். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று பேமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. இதுவே 1985ல் அமெரிக்காவில் உருவம் மாறி என்இஎஸ் என்ற பெயரில் வந்தது. இந்தியாவில் சாமுராய் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல் பெட்டிகள் லிட்டில் மாஸ்டர் போன்ற பல பெயர்களில் குவிந்தன. சென்னை பர்மா பஜாரிலிருந்து திருவிழாக் கடைகள் வரை இவைதான். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடும் டக் ஹன்ட் எல்லாம் நமக்கு அறிமுகமானது இவற்றின் வழியாகத்தான்.

இதன் உள்ளே இருப்பது 8 பிட் பிராசசர். வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். மெயின் மெமரி வெறும் 2 கேபி. சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும் 40 கேபிக்குள் அடங்கிவிடும். இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் இதுபோல ஐம்பது கேம்களை வைக்கலாம்.

"99,99,999 கேம்கள்" என்று கேசட்டில் போட்டிருக்கும் அல்லவா? அதில் உண்மையாக இருப்பவை சில கேம்கள்தான். அதையே வேறு வேறு லெவலில் தொடங்கும்படி, வேறு வேறு பெயரில் பட்டியலாகப் போட்டிருப்பார்கள். அன்று ஒன்று ஒன்றாகத் தட்டிப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று. பேமிகாம் கேம்கள் வினாடிக்கு 60 பிரேம் காட்டும் என்டிஎஸ்சி டிவிக்காக எழுதப்பட்டவை. நம் நாட்டு டிவி பால் முறையில் 50 பிரேம் காட்டும். இங்கே விற்ற பால் நகல் பெட்டிகளில் அதே கேம் சுமார் 17 சதவீதம் மெதுவாக ஓடும். இன்று கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு விளையாடும்போது "மரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான், பாட்டும் வேகமாக இருக்கிறதே" என்று உங்களுக்குத் தோன்றினால் காரணம் இதுதான். இப்போது பார்ப்பதுதான் சரியான வேகம். நாம் சிறு வயதில் விளையாடியது மெதுவானது.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

பழைய நகல் பெட்டி வாங்கும்போது கடைக்காரர் சம்மதித்தால் அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே பாருங்கள். இரண்டு வகை உண்டு. முதல் வகையில் போர்டு பெரியதாக இருக்கும். அதில் நீளமான கறுப்பு சிப்கள் தனித்தனியாகத் தெரியும். 40 கால்கள் கொண்ட இரண்டு சிப்கள் முக்கியமானவை. ஒன்று பிராசசர், மற்றொன்று படத்தை வரையும் சிப். இரண்டாவது வகையில் சின்ன போர்டின் நடுவே தார் ஊற்றியது போல ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். மொத்த கன்சோலும் அந்தப் பொட்டுக்குள் ஒரே சிப்பாக இருக்கிறது.

முதல் வகையையே வாங்குங்கள். சிப் போனால் வேறு பழைய பெட்டியிலிருந்து கழற்றி மாற்றலாம். பல கேம்களில் ஒலியும் இதில்தான் சரியாக இருக்கும். பொட்டு வகையில் அந்தப் பொட்டு போனால் பெட்டி போயிற்று. எங்கள் வீட்டில் இருந்தது பொட்டு வகை.

பரணில் கிடைத்த அதற்கு அடாப்டர் இல்லை. மேஜையில் கிடந்த வேறொரு கருவியின் அடாப்டரில் 9 வோல்ட் என்று போட்டிருந்தது. பின்னும் சரியாகப் பொருந்தியது. மாட்டினேன். சிவப்பு லைட் எரியவில்லை, கருகல் வாசம் மட்டும் வந்தது. வோல்ட் சரிதான், பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஆண்டிபட்டியில் டிவி மெக்கானிக் ஒருவர் 7805 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தார். சில ரூபாய் விலையுள்ள பாகம் அது. பல பெட்டிகள் அதை மாற்றினாலே உயிர் பெற்றுவிடும். எங்கள் பெட்டி எழவில்லை. அண்ணனிடம் போனில் சொன்னபோது "விடுடா தம்பி" என்றார். அப்புறம் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே அடாப்டர் லேபிளில் ஒரு சின்னப் படம் இருக்கும், அதைக் கண்டிப்பாகப் பாருங்கள். வட்டத்தின் நடுப்புள்ளி பிளஸ் பக்கம் இணைந்திருக்கிறதா, மைனஸ் பக்கமா என்று அது சொல்லும். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். அசல் பேமிகாமுக்கு நடுவில் மைனஸ். அமெரிக்க என்இஎஸ் அடாப்டரோ ஏசி மின்சாரமே தரும். நகல் பெட்டிகளில் இரண்டு விதமும் உண்டு. பெட்டியின் அடியில் எதுவும் அச்சிடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் கன்சோல்களில் இன்னொரு ஆபத்து. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். பின் மாற்றும் சாக்கெட் வாங்கி நேரடியாகச் செருகினால் முடிந்தது கதை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தேவை. எங்கள் பகுதியில் தோப்புகளில் மோட்டார் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கி, நின்றதும் ஏறும். அப்படிப்பட்ட ஊர்களில் ஸ்டெபிலைசர் வழியாகவே கொடுங்கள்.

டிவியைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கன்சோலுக்கு ஏற்ற டிவி, பழைய பிக்சர் டியூப் டிவிதான். தமிழக அரசு 2006 முதல் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி உங்கள் வீட்டில் எங்காவது ஓரமாக இருந்தால் எடுத்து வையுங்கள். இந்த வேலைக்கு அது போதும். மஞ்சள், வெள்ளை நிற ஏவி ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆன்டெனா ஒயரில் சேனல் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்இடி டிவியில் படம் தெரியும், ஆனால் இரண்டு குறைகள் உண்டு. பட்டனை அழுத்துவதற்கும் திரையில் மரியோ குதிப்பதற்கும் இடையே சிறு தாமதம் இருக்கும். டிவி மெனுவில் கேம் மோடு இருந்தால் போட்டுப் பாருங்கள், ஓரளவு குறையும். துப்பாக்கியோ வேலையே செய்யாது. காரணம் சுவையானது. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழலில் ஒளியை உணரும் சிறு பாகம் இருக்கிறது. கறுப்புக்குப் பின் வெளிச்சம் அதற்குத் தெரிந்தால் வாத்து விழும். அதாவது சுடுவது டிவி, குறி பார்ப்பது துப்பாக்கி! பிக்சர் டியூபில் மின்கதிர் படத்தை வரையும் நேரக் கணக்கை நம்பி இது செய்யப்பட்டது. எல்இடி டிவி படத்தைச் சேமித்து வைத்துச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் கணக்கு தவறிவிடுகிறது.

அப்படியானால் எதை வாங்கலாம்?

முதன்முதலாக ஒரே ஒரு கன்சோல் வாங்குபவருக்கு நான் சொல்வது பிளேஸ்டேஷன் 2. 2000ல் ஜப்பானில் வெளியாகி 2013 தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்தது. உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றது. நம் ஊரிலும் நிறைய விற்றதால் பாகங்கள் கிடைக்கின்றன. பழைய பிளேஸ்டேஷன் 1 டிஸ்குகளில் பெரும்பாலானவையும் இதில் ஓடும். ஒரு விலைக்கு இரண்டு கன்சோல் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஹனுமான் பாய் வாரியர் என்ற கேம் 2009ல் இதற்காக வெளியானது. ரா ஒன் படத்தின் கேமும் 2011ல் வந்தது. விளையாட்டாக இவை சுமார்தான். ஆனால் சேகரிப்பவருக்கு இவை நம் நாட்டின் வரலாறு, அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் விடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 2 வாங்கும்போது டிஸ்க் போட்டு அரைமணி நேரமாவது ஓட விட்டுப் பாருங்கள். முதலில் தேய்வது லேசர் லென்ஸ்தான். நம் ஊர் பெட்டிகள் பலவற்றில் "சிப் போட்டிருக்கும்". அதாவது நகல் டிவிடிகளையும் படிக்கும்படி மாற்றியிருப்பார்கள். எழுதப்பட்ட டிவிடிகளைப் படிக்க லென்ஸ் அதிகம் சிரமப்படும். சோதிக்க ஓர் அசல் டிஸ்கைக் கையோடு கொண்டு போங்கள். 8 எம்பி மெமரி கார்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் விளையாட்டைச் சேமிக்க முடியாது.

இரண்டாவதாக வாங்க ஏற்றது கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி. 2003ல் வந்தது. கையடக்கமானது, டிவி வேண்டாம், கரன்ட் போனாலும் ஓடும். எந்த நாட்டு கேசட்டும் வேலை செய்யும், பழைய கேம்பாய் கேசட் உட்பட. போலி கேசட்டுகள் இதற்கு ஏராளம். விளையாடிச் சேமித்து, அணைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சேகா மெகா டிரைவ் மீது பலருக்கு ஆசை உண்டு. 1988ல் ஜப்பானில் வந்த 16 பிட் கன்சோல், சோனிக் விளையாட அருமையானது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்க ஷா வாலஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு 1995ல் இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அப்படியும் விலை 18,000 ரூபாய்! அந்த நாளில் அதை யார் வாங்குவார்? அதனால் இங்கே அசல் அரிதாகவே கிடைக்கும். இதுவும் நிண்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட் போன்றவையும் அனுபவம் வந்த பிறகு வாங்க வேண்டியவை. பழுதானால் பாகத்துக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் "620 கேம்களுடன் மினி" என்று வருவதை அசல் என்று நம்ப வேண்டாம். நிண்டெண்டோ 2016ல் வெளியிட்ட அசல் என்இஎஸ் மினியில் சரியாக 30 கேம்கள்தான், இணைப்பும் எச்டிஎம்ஐ. பின்னால் மஞ்சள், வெள்ளை ஒயர் வந்தால் அது போலி. விளையாட்டுப் பொருளாக வாங்குவது உங்கள் விருப்பம், சேகரிப்பாக வாங்காதீர்கள்.

வாங்கும் முன் கம்ப்யூட்டரில்

கன்சோல் வாங்கும் முன் ஒரு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்கி எமுலேட்டரில் ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள். பேமிகாமுக்கு மெசன், பிளேஸ்டேஷன் 2க்கு பிசிஎஸ்எக்ஸ்2 ஆகியவை இலவச சாப்ட்வேர்கள். மெசன் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், மற்றதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். எமுலேட்டர் வைத்திருப்பது தவறல்ல. கேம் பைல்களைக் கண்ட இடத்தில் டவுன்லோடு செய்வது வேறு விஷயம், அவற்றுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. பொழுதுபோக்குக்காக எழுதி இலவசமாக வெளியிடும் புதிய 8 பிட் கேம்கள் நிறைய உள்ளன, அவற்றில் தொடங்கலாம். ஒரு மாதத்தில் அலுத்துவிட்டால் உங்கள் பணம் மிச்சம்.

வாங்கிய பிறகு ஒரு பழக்கத்தை விடுங்கள். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவோம் அல்லவா? எச்சில் ஈரம் பித்தளை நிறக் கால்களை அரிக்கும். அன்று ஓடியது ஊதியதால் அல்ல, கழற்றி மாட்டியதில் கால்கள் சரியாகத் தொட்டதால். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். அதைக் காது துடைக்கும் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பின் மாட்டுங்கள். பேட்டரி போடும் எதையும் பேட்டரியோடு பரணில் வைக்காதீர்கள்.

சென்ற வைகாசியில் அண்ணனுக்காக வேறொரு பெட்டி வாங்கினேன். 40 கால் சிப்கள் உள்ளது. அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மாட்டினோம். கான்ட்ராவில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட் அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.